மிச்சிகன் கார் இன்சூரன்ஸ்: வெய்ன், ஓக்லண்ட், வாஷ்டனாவ் கவுண்டிகளை எப்படி ஒப்பிடுவது?

கொலம்பஸ்_தமிழன்:
அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோவின் கொலம்பஸ் நகரிலிருந்து அடுத்த மாதம் மிச்சிகனுக்குக் குடிபெயர்கிறோம். எனக்கு அலுவலகம் டியர்பார்னில். வாடகை வீட்டுக்காக மூன்று ஊர்களைப் பார்த்து வைத்திருக்கிறோம்: வெய்ன் கவுண்டியில் கேன்டன், ஓக்லண்ட் கவுண்டியில் நோவை, வாஷ்டனாவ் கவுண்டியில் ஆன் ஆர்பர். கவுண்டி வாரியாகக் கார் இன்சூரன்ஸ் சராசரியைப் பட்டியலிட்ட அட்டவணைகளைப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் வெய்ன்தான் உச்சியில் இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே கேன்டனைக் கைவிட வேண்டுமா? எங்களிடம் இரண்டு கார்கள். ஒன்று லீஸ், மற்றொன்று பழைய கேம்ரி. கோடையில் என் பெற்றோர் மதுரையிலிருந்து வந்து சில மாதங்கள் தங்குவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோவை_வாசி:
வரவேற்கிறோம். நோவைக்கே வந்துவிடுங்கள். தமிழ்ப் பள்ளி, கோயில், கடை எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. வெய்ன் கவுண்டி என்றாலே பிரீமியம் கூடுதல் என்பது இங்கே எல்லோரும் அறிந்த செய்தி.

எட்டாம்_மைல்:
எல்லோரும் அறிந்த செய்திதான். ஆனால் அது பாதி உண்மை. பல ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

மிச்சிகனில் 83 கவுண்டிகள் உள்ளன. அவற்றில் எந்தக் கவுண்டிக்கும் தனியாக ஒரு கட்டணம் கிடையாது. நிறுவனங்கள் மாநிலத்தைத் தங்கள் கணக்குப்படி மண்டலங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. அந்த மண்டலப் பிரிப்புக்கு மாநிலக் காப்பீட்டுத் துறையின் ஒப்புதல் தேவை. 2019இல் வந்த சட்டத் திருத்தம் பாலினம், திருமண நிலை, சொந்த வீடு, கல்வி, தொழில், ஜிப் குறியீடு, கிரெடிட் ஸ்கோர் ஆகியவற்றைக் கொண்டு கட்டணம் விதிக்கக் கூடாது என்றது. ஜிப் குறியீடுதான் போனதே தவிர மண்டலம் போகவில்லை. கிரெடிட் ஸ்கோர் என்ற எண்ணைப் பார்க்கக் கூடாது என்றாலும், கடன் வரலாற்றிலிருந்து நிறுவனங்கள் தாமே கணக்கிடும் இன்சூரன்ஸ் மதிப்பெண்ணுக்குத் தடை இல்லை. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, கடன் வரலாறு என்று எதுவுமே இல்லாத நம்மவர்களுக்கு முதலாண்டில் விலை எகிறுவதற்கு இது ஒரு காரணம். ஊரில் பத்தாண்டு ஓட்டிய அனுபவத்தைப் பல நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பது மற்றொரு காரணம்.

இப்போது வெய்னுக்கு வருவோம். டெட்ராய்ட், ஹாம்ட்ராம்க் ஆகியவையும் வெய்ன். கேன்டன், பிளிமத், ஆற்றின் நடுவே தீவாக இருக்கும் க்ரோஸ் ஈல் ஆகியவையும் வெய்ன். டெட்ராய்ட்டின் கார் திருட்டும், காப்பீடே இல்லாமல் ஓடும் வண்டிகளும், மருத்துவக் கிளெய்ம்களும், அவற்றைத் தொடரும் வழக்குகளும் சேர்ந்து கவுண்டியின் சராசரியைத் தூக்கி நிறுத்துகின்றன. கேன்டனில் வீடு எடுப்பவர் அந்தச் சராசரியைக் கட்டப் போவதில்லை. நார்த்வில் என்ற சிறு நகரத்தை எட்டாம் மைல் சாலை குறுக்கே வெட்டுகிறது. தெற்குப் பாதி வெய்ன், வடக்குப் பாதி ஓக்லண்ட். ஒரே ஊர், ஒரே கடைத்தெரு. அட்டவணையை நம்பினால் சாலையைக் கடந்தவுடனே பிரீமியம் பாதாளத்தில் விழ வேண்டும். நடப்பில் அப்படி விழுவதில்லை.

அந்தச் சராசரிகளில் வேறொரு குறையும் உண்டு. யார் எவ்வளவு காப்பு வாங்கினார்கள் என்பதை அவை பிரித்துக் காட்டுவதில்லை. ஒரு கவுண்டியில் பெரும்பாலோர் குறைந்த மருத்துவ வரம்பை எடுத்திருப்பார்கள். இன்னொன்றில் லீஸ் கார்கள் அதிகம் என்பதால் எல்லாக் காப்பும் சேர்த்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கிடைப்பது விலை ஒப்பீடு அன்று.

கொலம்பஸ்_தமிழன்:
மிக்க நன்றி ஐயா. நீங்கள் எழுதியதைப் படித்தபின், ஒரே நிறுவனத்தின் தளத்தில் மற்ற விவரங்களை மாற்றாமல் மூன்று முகவரிகளை மட்டும் மாற்றி விலை கேட்டேன். கேன்டனுக்கும் நோவைக்கும் இடையே இருந்த வேறுபாடு நான் அஞ்சிய அளவில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆன் ஆர்பர் இரண்டையும்விடச் சற்றுக் குறைவு. டெட்ராய்ட் முகவரி ஒன்றையும் இட்டுப் பார்த்தேன். அங்கேதான் தொகை தாவியது.

விலைப்பட்டியலை வரி வரியாகப் பார்த்தபோது, இடத்துக்கு இடம் அதிகம் மாறியவை பிஐபி என்ற பகுதியும், மோதலில் என் காருக்கு நேரும் சேதத்துக்கான கொலிஷன் என்ற பகுதியும்தான். ஒஹாயோ பாலிசியில் பிஐபி என்ற பெயரே இல்லை. விலைப்பக்கத்தில் அதற்கு ஐந்தாறு தெரிவுகள் தருகிறார்கள். குறைந்ததைச் சொடுக்கினால் தொகை சரசரவென்று இறங்குகிறது. ஊர் மாறுவதால் வரும் வேறுபாட்டைவிட இந்தச் சொடுக்கால் வரும் வேறுபாடு பெரிது. இது என்ன?

எட்டாம்_மைல்:
மூன்று கவுண்டிகளுக்கும் பொதுவான கேள்வி இது. இங்கே பணம் எங்கே போகிறது என்பதும் இதில்தான் இருக்கிறது.

மிச்சிகன் 1973இலிருந்து நோ-ஃபால்ட் மாநிலம். விபத்தில் தவறு யாருடையதாக இருந்தாலும் உங்கள் உடல் காயத்துக்கான செலவை உங்கள் பாலிசியே ஏற்கும். அதற்கான பகுதிதான் பிஐபி. நெடுங்காலம் அது வரம்பே இல்லாமல், வாழ்நாள் முழுவதும் என்று எல்லோருக்கும் கட்டாயமாக இருந்தது. நாட்டிலேயே வேறெங்கும் இல்லாத தாராளம் அது. நாட்டிலேயே மிக அதிகமான பிரீமியமும் அதனுடன் சேர்ந்து வந்தது.

2019 மே மாதம் ஆளுநர் விட்மர் கையெழுத்திட்ட சட்டம் இதை மாற்றியது. 2020 ஜூலை முதல் வரம்பற்றது, 5 லட்சம் டாலர், 2.5 லட்சம் டாலர் என்று தேர்ந்தெடுக்கலாம். குடும்பத்தில் உரிய உடல்நலக் காப்பீடு உள்ளவர்களை மட்டும் விலக்கிவிட்டு 2.5 லட்சம் எடுக்கும் வழியும் உண்டு. குறைந்த வருமானத்தாருக்கான அரசு உடல்நலக் காப்பீடான மெடிக்கெய்டு உள்ளவர்களுக்கு 50,000 டாலர் வரம்பு. மூத்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரின் ஏ, பி பகுதிகள் இரண்டும் உள்ளவர்கள் முற்றிலும் விலகிக்கொள்ளலாம். படிவத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமலும் கையெழுத்திடாமலும் விட்டால் வரம்பற்றதே உங்களுக்கு வரும்.

பிஐபி கட்டணத்தைச் சராசரியாக 50,000 வரம்புக்கு 45 விழுக்காடு, 2.5 லட்சத்துக்கு 35, 5 லட்சத்துக்கு 20, வரம்பற்றதற்கு 10 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று அதே சட்டம் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. பலர் இதை மொத்தப் பிரீமியத்தில் குறைப்பு என்று படித்துவிட்டு ஏமாந்தார்கள். குறைப்பு பிஐபி பகுதிக்கு மட்டுந்தான். கொலிஷன் கட்டணம் அதன் போக்கில் ஏறிக்கொண்டிருக்கலாம்.

வரம்பற்ற காப்பு எடுப்பவர்கள் பேரிழப்புக் கிளெய்ம் சங்கத்துக்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஆண்டுக் கட்டணம் செலுத்துகிறார்கள். மிகப் பெரிய மருத்துவச் செலவுகளை நிறுவனங்களுக்குத் திருப்பித் தருவது அந்தச் சங்கம். திருத்தம் நடைமுறைக்கு வருமுன் 220 டாலராக இருந்த கட்டணம் 2020இல் 100, 2021இல் 86 என்று இறங்கியது. 2022இல் வண்டிக்கு 400 டாலர் திருப்பியும் தந்தார்கள். பின்னர் பற்றாக்குறையை ஈடுகட்டும் பங்கொன்றைச் சேர்த்தபோது, அதைக் குறைந்த வரம்பு எடுத்தவர்களிடமும் வசூலித்தார்கள். டெட்ராய்டிலும் வடகோடி ஹோட்டனிலும் இந்தக் கட்டணம் ஒன்றே.

கேன்டன்_கணக்கர்:
ஐயா சொன்னவற்றில் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். நான் 2.5 லட்சம்தான் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் நல்ல உடல்நலக் காப்பீடு இருக்கிறது. மருத்துவமனைச் செலவை அது பார்த்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் ஒரே காப்புக்குப் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மிச்சமாகும் தொகையைக் குழந்தையின் படிப்புக் கணக்கில் போடுகிறேன்.

எட்டாம்_மைல்:
உங்கள் முடிவு உங்கள் கணக்குக்குப் பொருந்தலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒரே காப்பு என்பதை மட்டும் ஏற்க முடியாது. உடல்நலக் காப்பீடு அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் பணம் தரும். முதுகுத்தண்டு முறிந்தவருக்கு வீட்டில் நாள் முழுவதும் உடனிருந்து பார்க்கும் ஆளுக்கும், சக்கர நாற்காலி நுழைய வீட்டை இடித்துக் கட்டுவதற்கும், சக்கர நாற்காலியைத் தூக்கி ஏற்றும் வேனுக்கும், ஆண்டுக்கணக்கான புனர்வாழ்வுப் பயிற்சிக்கும் அது பெரும்பாலும் தராது. பிஐபி தருவது இவற்றைத்தான். ஒரு பெரிய மூளைக்காயத்தில் 2.5 லட்சம் டாலர் மருத்துவமனையை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே கரைந்துபோவதைக் கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். வேலை போனால் குழு உடல்நலக் காப்பீடும் அதனுடன் போகும். அதை நம்பிப் பிஐபி மருத்துவக் காப்பிலிருந்து விலகியவர் 30 நாட்களுக்குள் மாற்று ஏற்பாடு செய்தாக வேண்டும். புதிய வேலை தேடும் பரபரப்பில் கார் இன்சூரன்ஸ் யாருக்கு நினைவில் இருக்கும்?

உங்கள் பக்கத்துக்கும் ஒரு வலுவான வாதம் உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை முதல் மருத்துவச் சேவைகளுக்கான கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. மெடிக்கேர் விலை இல்லாத வீட்டுப் பராமரிப்பு போன்ற சேவைகளுக்கு 2019 ஜனவரி விலையில் 55 விழுக்காடுதான். குடும்பத்தார் செய்யும் பணிவிடைக்கு வாரத்துக்கு 56 மணி நேரம் வரைதான் ஊதியம். பராமரிப்பு நிறுவனங்கள் சில மூடிவிட்டன. 2019 ஜூன் 11க்கு முன் காயமுற்ற பழைய நோயாளிகளுக்கு இந்த வெட்டு செல்லாது என்று 2023 ஜூலையில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் ஆண்டரி வழக்கில் தீர்ப்பளித்தது. நமக்கெல்லாம் வெட்டு உண்டு. ஆகவே இன்றைய வரம்பற்ற காப்பு அன்றைய வரம்பற்ற காப்பு அன்று. ஆனாலும் நான் அதைத்தான் எடுத்திருக்கிறேன்.

கேன்டன்_கணக்கர்:
வேலை போகும் விஷயத்தை நான் எண்ணவில்லை என்று சொல்ல மாட்டேன், 2.5 லட்சத்தை விலக்கு இல்லாமல் வைத்திருப்பது அதனால்தான். 5 லட்சத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று புதுப்பிக்கும்போது விசாரிக்கிறேன்.

ஹோட்டன்_மாணவி:
யாரும் வடக்கைப் பற்றிப் பேசவில்லையே என்று எழுதுகிறேன். மேல் தீபகற்பத்தில் மிச்சிகன் டெக்கில் படிக்கிறேன். இங்கே பனி ஆளை மூடும். தெற்கிலிருந்து வருபவர்கள் எல்லோரும், இந்தப் பனியில் பிரீமியம் எக்கச்சக்கமாக இருக்குமே என்று கேட்கிறார்கள். உண்மையில் வெய்ன் கவுண்டியில் உள்ள என் சகோதரனைவிட மிகக் குறைவாகவே கட்டுகிறேன். வண்டிகள் குறைவு, திருட்டு குறைவு, வழக்குகளும் குறைவு. எங்கள் கவலையெல்லாம் மான்தான்.

எட்டாம்_மைல்:
மான் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, தங்கையே. மாநிலத்தில் ஆண்டுக்கு 50,000க்கு மேல் மான் மோதல்கள் பதிவாகின்றன. எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்பவை நம் ஓக்லண்டும், க்ராண்ட் ராபிட்ஸ் உள்ள கென்ட் கவுண்டியும். மான் மோதினால் பணம் தருவது, திருட்டு போன்றவற்றுக்கும் சேர்த்து எடுக்கும் காம்ப்ரிஹென்சிவ் காப்பு, கொலிஷன் அன்று. மானைத் தவிர்க்க வளைத்து மரத்தில் இடித்தால் அது கொலிஷன் ஆகிவிடும். பழைய கார்தானே என்று காம்ப்ரிஹென்சிவை எடுத்துவிடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். பொதுவாகக் கொலிஷனைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் காப்பு அது. டெட்ராய்டைச் சுற்றி மட்டும் திருட்டின் காரணமாகச் சற்றுக் கூடுதல். அதிலும் சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் இல்லாத பழைய கியா, ஹ்யுண்டாய் என்றால் முகம் சுளிப்பார்கள்.

கொலம்பஸ்_தமிழன்:
கொலிஷனில் மூன்று வகை காட்டுகிறார்கள்: பிராட், ஸ்டாண்டர்டு, லிமிடெட். ஒஹாயோவில் எதிராளியின் தவறு என்றால் எதிராளியின் நிறுவனம் என் காரைச் சரிசெய்துவிடும். இங்கும் அப்படித்தானே?

எட்டாம்_மைல்:
இல்லை. ஒஹாயோ, இல்லினாய் பக்கமிருந்து வருபவர்கள் எல்லோரும் தடுக்கிவிழும் இடம் இது. சிவப்பு விளக்கில் நிற்கும் உங்கள் காரை ஒருவர் பின்னாலிருந்து இடித்தாலும், சரிசெய்ய வேண்டியது உங்கள் கொலிஷன் காப்புதான். அது உங்களிடம் இல்லையென்றால், பாதியோ அதற்கு மேலோ தவறு செய்தவரிடமிருந்து மினி-டார்ட் என்ற பெயரில் அதிகபட்சம் 3,000 டாலர் பெறலாம். 2020 ஜூலைக்கு முன் அது 1,000. அதற்கும் உங்கள் காருக்குக் காப்பீடு இருந்திருக்க வேண்டும். கட்டாயமாக வாங்கவைக்கும் பிபிஐ என்ற 10 லட்சம் டாலர் காப்பு, நீங்கள் இடிக்கும் வேலி, வீடு, முறையாக நிறுத்திவைத்த வண்டி ஆகியவற்றுக்குத்தான். ஓடும் கார்களுக்கு இல்லை.

பிராட் என்றால் தவறு உங்களுடையதாக இருந்தாலும் பணம் வரும். பாதிக்கு மேல் உங்கள் தவறு இல்லையென்றால் டிடக்டிபிளும், அதாவது முதலில் உங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகையும், கிடையாது. ஸ்டாண்டர்டில் யார் தவறென்றாலும் டிடக்டிபிள் உண்டு. லிமிடெட், பாதிக்கு மேல் உங்கள் தவறாக இருந்தால் ஒன்றும் தராது. லீஸ் காருக்குப் பிராட் எடுங்கள். கேம்ரியின் இன்றைய விலையைப் பார்த்து லிமிடெட் போதுமா என்று முடிவு செய்யுங்கள்.

மறந்துவிடாமல் இன்னொன்று: ஒஹாயோ பாலிசியை அங்கேயே இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். விலை குறைவு என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். குடிவந்த பின் காரை இங்கே பதிவுசெய்து மிச்சிகன் பாலிசி எடுக்க வேண்டும். வெளிமாநிலத்தாரின் வண்டியேகூட ஓராண்டில் 30 நாட்களுக்கு மேல் இங்கே ஓடினால் மிச்சிகன் நோ-ஃபால்ட் காப்பு வேண்டும். இல்லாத நிலையில் விபத்து நேர்ந்தால், அபராதமும் சிறையும் ஒருபுறம் இருக்க, பிஐபி உரிமையே போய்விடும்.

ஆன்_ஆர்பர்_அக்கா:
தம்பி, பெற்றோர் வருவதாக எழுதியிருந்தீர்களே, அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் மாமனார், மாமியார் வந்தபோது முகவர் ஒருவர், "காரில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் உங்கள் பிஐபி பொருந்தும்" என்றார். பிறகு வழக்கறிஞரான தோழி ஒருவரிடம் கேட்டபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஐயா விளக்கினால் நன்று.

எட்டாம்_மைல்:
அந்த முகவர் சொன்னது பழைய சட்டம். 2019 திருத்தத்தின்படி, மிச்சிகனில் வசிக்காத ஒருவர், இங்கே பதிவுசெய்து காப்பீடு எடுத்த வண்டி தமக்கென்று வைத்திருந்தாலன்றி, பிஐபி பெற முடியாது. சுற்றுலா விசாவில் வரும் பெற்றோரைப் பொதுவாக இங்கே வசிப்பவர்களாகக் கருத மாட்டார்கள். ஆகவே நீங்கள் வரம்பற்ற காப்பே எடுத்திருந்தாலும், உங்கள் காரின் பின்னிருக்கையில் இருக்கும் அம்மாவுக்கு அதிலிருந்து ஒரு டாலரும் வராது. தவறு செய்த ஓட்டுநர் மீது அவர்கள் வழக்குப் போடலாம். மரணம், கடுமையான உடற்செயல் இழப்பு, நிரந்தர விகாரம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்திருந்தால்தான் அதுவும் நிற்கும்.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸை, எழுபது வயதுக்கு மேல் விலை கூடுகிறதே என்று மிகக் குறைந்த வரம்பில் எடுக்காதீர்கள். வாகன விபத்தை விலக்கியிருக்கிறார்களா என்று பாலிசியின் விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். அடுத்து, உங்கள் தவறால் பிறருக்கு நேரும் காயத்துக்கு ஈடு தரும் லயபிலிட்டி காப்பின் வரம்பைக் குறைக்காதீர்கள். வழக்கமான வரம்பு ஒருவருக்கு 2.5 லட்சம், ஒரு விபத்துக்கு 5 லட்சம். படிவத்தில் கையெழுத்திட்டு 50,000, 1 லட்சம் வரை இறக்கலாம். இறக்கினால் விலை சிறிது குறையும். ஆனால் குறைந்த பிஐபி எடுத்தவர்கள் பெருகியிருக்கும் இன்று, விபத்து உங்கள் தவறு என்றால், தங்கள் வரம்பைத் தாண்டிய மருத்துவச் செலவுக்கு அவர்கள் உங்கள் மீதுதான் வழக்குப் போடுவார்கள்.

ஹோட்டன்_மாணவி:
அப்படியானால் கார் இல்லாத மாணவர்கள், நண்பர் காரில் போகும்போது அடிபட்டால்?

எட்டாம்_மைல்:
இங்கே வசிப்பவராக இருந்து, உங்களிடமோ உடன் வசிக்கும் உறவினரிடமோ பாலிசி இல்லையென்றால், மாநிலத்தின் அசைன்டு கிளெய்ம்ஸ் திட்டத்துக்குப் போக வேண்டும். அதன் வரம்பு 2.5 லட்சம் டாலர். நண்பரின் வரம்பற்ற காப்பு உங்களுக்கு வராது.

நோவை_வாசி:
காப்பீடு இல்லாதவர் இடித்தால் என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இங்கே ஏறக்குறைய நான்கில் ஓர் ஓட்டுநருக்குக் காப்பீடு இருக்கவில்லை. அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட் காப்பு மிச்சிகனில் கட்டாயமில்லை என்பதால் இணையத்தில் விலை கேட்கும்போது அது பலருக்குக் கழன்றுவிடுகிறது. டெட்ராய்ட் எல்லைக்கு வெளியே வீடு எடுத்தாலும் தினமும் டியர்பார்ன் வரை ஓட்டப்போகிறவர் அதை விடக் கூடாது.

கொலம்பஸ்_தமிழன்:
எல்லோர் யோசனையையும் வைத்து நேற்றிரவு மீண்டும் விலை கேட்டேன். மூன்று முகவரிகளுக்கும் வரம்பற்ற பிஐபி (முதலில் உடல்நலக் காப்பீடு, பிறகு பிஐபி பணம் தரும்படி ஒருங்கிணைத்தது), லயபிலிட்டி 2.5 லட்சம், 5 லட்சம், அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட், லீஸ் காருக்குப் பிராட், கேம்ரிக்கு லிமிடெட். இப்படி ஒரே அளவாக்கிய பின் கேன்டனுக்கும் நோவைக்கும் உள்ள வேறுபாடு, நோவையிலிருந்து டியர்பார்னுக்குக் கூடுதலாக ஓட்ட வேண்டிய தூரத்தின் பெட்ரோலுக்குக்கூடக் காணாது. ஆன் ஆர்பரில் மிச்சமாவதை வாடகை விழுங்கிவிடும். கேன்டன் வீட்டுக்கே ஒப்பந்தம் கேட்டிருக்கிறோம். அப்பாவின் விசிட்டர் பாலிசியை இரண்டு மடங்கு வரம்புக்கு மாற்றச் சொல்லி முகவருக்கு எழுதிவிட்டேன். வாகன விபத்து விலக்கு இல்லை என்று எழுத்தில் தரும்படியும் கேட்டிருக்கிறேன்.

கேன்டன்_கணக்கர்:
கேன்டனுக்கு வாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் பாலிசி தொடங்கும் தேதியை வீட்டுச் சாவி வாங்கும் நாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள். வண்டிப் பதிவுக்குப் போகும்போது மிச்சிகன் காப்பீட்டுச் சான்றைக் கேட்பார்கள்.